இலவசமாகப் படிக்கலாம், முடிப்பது யார்?

என் மெயில் பெட்டியில், ஆன்லைன் பாடங்களில் சேர்ந்ததற்காக வந்த வரவேற்புக் கடிதங்கள் பதினான்கு இருக்கின்றன. பைத்தான், புள்ளியியல், மேற்கத்திய இசையின் அடிப்படை, ஏன், பழைய ரோமாபுரியின் கட்டடக் கலைகூட உண்டு. பாடத்தை முடித்ததற்காக வந்த வாழ்த்துக் கடிதங்கள் இரண்டே இரண்டு. பதினான்கில் இரண்டு என்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, உலகக் கணக்கு என்னுடையதைவிட மோசம் என்று.

"பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். எம்.ஐ.டி., ஹார்வர்டு பாடமெல்லாம் இண்டர்நெட்டில் இலவசமாமே, சேர்த்துவிடலாமா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. தாராளமாகச் சேர்க்கலாம். ஒரு மெயில் முகவரியும் ஐந்து நிமிடமும் போதும். ஆறாவது நிமிடத்திலிருந்து என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

மூக் என்பது என்ன?

இவ்வகைப் பாடங்களுக்கு மூக் என்று பெயர். (தமிழில் எழுதும்போது ஒரு "கு" சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.) மாசிவ் ஓபன் ஆன்லைன் கோர்ஸ் என்பதன் சுருக்கம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் ஆட்கள் சேரலாம். தகுதி, வயது, மதிப்பெண் எதுவும் கேட்கமாட்டார்கள். எல்லாமே இண்டர்நெட் வழியாக நடக்கும். 2008-ல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்ற இருவர் ஒரு பாடம் நடத்தினார்கள். கட்டணம் கட்டிப் படித்தவர்கள் சுமார் 25 பேர். இண்டர்நெட்டில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேல். அப்போது பிறந்த பெயர்தான் இது.

அதற்கு முன்பும் இலவசப் பாடங்கள் இருந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் வகுப்புக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் இண்டர்நெட்டில் வைக்கப் போவதாக 2001-லேயே அறிவித்து, சொன்னபடி செய்தது. ஆனால் அது ஒரு நூலகம் போல. எடுத்துப் படிக்கலாம்; நீங்கள் படித்தீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். மூக் அப்படியல்ல. அது ஒரு வகுப்பு. தொடங்கும் தேதி உண்டு, வாரம் ஒரு பாடம் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, கடைசியில் தேர்வு உண்டு.

லட்சம் பேரின் விடைத்தாளை யார் திருத்துவது? கம்ப்யூட்டர்தான். விடை ஓர் எண்ணாக இருந்தால், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், அல்லது ஒரு சின்ன புரோகிராமாக இருந்தால் சர்வர் அதைச் சரிபார்த்து நொடியில் மதிப்பெண் போட்டுவிடும். கட்டுரை எழுதச் சொன்னால்தான் சிக்கல். அதற்கு, படிப்பவர்களே ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்தும் முறையைக் கொண்டு வந்தார்கள். பலர் போட்ட மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வது வழக்கம். ஒருவர் கோபத்தில் பூஜ்ஜியம் போட்டாலும் பாதிப்பு பெரிதாக இருக்காது. ஆனால் என் கட்டுரையில் எங்கே தவறு என்று சொல்லித்தர ஓர் ஆசிரியர் அங்கே இல்லை. மூக்கின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: ஆசிரியரின் நேரத்தைச் செலவழிக்காததால்தான் அது இலவசம்.

ஒன்றரை லட்சம் பேர் எங்கே போனார்கள்?

2011 இலையுதிர் பருவத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அதே பருவத்தில் ஆண்ட்ரூ எங் நடத்திய மெஷின் லேர்னிங் பாடத்திலும் லட்சம் பேர். 2012-ல் அடுத்தடுத்து மூன்று நிறுவனங்கள் வந்தன: த்ரன் தொடங்கிய உடாசிட்டி, ஆண்ட்ரூ எங்கும் டாஃப்னே கோலரும் தொடங்கிய கோர்செரா, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டுத் தொடங்கிய எட்எக்ஸ். அந்த ஆண்டுக்கே "மூக் ஆண்டு" என்று நியூயார்க் டைம்ஸ் பெயர் வைத்தது. கல்லூரிகள் எல்லாம் மூடப்படும் என்று ஆரூடம் சொன்னவர்களும் இருந்தார்கள்.

எட்எக்ஸின் முதல் தலைவர் அனந்த் அகர்வால், 1982-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தவர். மின்சுற்றுகளும் எலக்ட்ரானிக்ஸும் என்ற அவரது பாடம்தான் அங்கு முதல் பாடம். மொத்தத்தை மட்டும் சொல்லாமல், யார் எந்தப் படியில் நின்றார்கள் என்ற கணக்கையும் எம்.ஐ.டி. வெளியிட்டது. அந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

பதிவு செய்தவர்கள் 1,54,763 பேர். முதல் வார வீட்டுப்பாடத்தைத் திறந்து பார்த்தவர்கள் 69,221. அதில் ஒரு மதிப்பெண்ணாவது வாங்கியவர்கள் 26,349. கடைசியில் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157.

பத்திரிகைகள் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் எடுத்து, "நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை" என்று எழுதின. கணக்கு சரிதான். ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுப்பாடத்தைத் திறக்கவே இல்லை. இவர்களைத் தோற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது? புத்தகக் கண்காட்சியில் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் போல. உண்மையில் உட்கார்ந்து ஒரு கணக்கையாவது போட்டவர்களை மட்டும் எடுத்தால், அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் முடித்திருக்கிறார்கள். 7,157 என்பதும் சாதாரண எண் அல்ல. ஒரு பேராசிரியர் ஆண்டுக்கு 200 பேருக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறார் என்று வைத்துக்கொண்டால், இத்தனை பேரைத் தேற்ற முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முழு மதிப்பெண் வாங்கிய 340 பேரில் ஒருவன் மங்கோலியாவின் உலான்பாட்டர் நகரத்துப் பையன், வயது 15. அவனைக் கண்டுபிடிக்க வேறு எந்த வழியும் இருந்திருக்காது.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2013 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் உடாசிட்டியோடு சேர்ந்து குறைந்த கட்டணத்தில் கணிதம், புள்ளியியல் பாடங்களை நடத்தியது. இங்கு சேர்ந்தவர்கள் வேறு வகை: ஏற்கெனவே கணக்கில் தவறியவர்கள், வசதி குறைந்த பகுதிகளின் பள்ளி மாணவர்கள். வழக்கமான வகுப்பில் படித்தவர்களைவிட மிகக் குறைவானவர்களே தேறினார்கள். சிலருக்கு வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை என்பது பாடம் தொடங்கிய பிறகுதான் தெரிய வந்தது. ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு கோர்செராவில் படித்தவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் எடுத்த கணக்கில், 83 சதவீதம் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு பட்டமோ பட்டயமோ வைத்திருந்தார்கள்.

அதாவது கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு என்று திறந்த கதவில், கல்லூரியை முடித்தவர்கள்தான் அதிகம் நுழைந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு மூக் மிக நன்றாகப் படிக்கக் கொடுக்கிறது. எப்படிப் படிப்பது என்பதையே இனிமேல்தான் கற்க வேண்டியவர்களை அது தனியே விட்டுவிடுகிறது.

இலவசம் சுருங்கிய கதை

பாடம் எடுக்க கேமரா வேண்டும், எடிட்டிங் வேண்டும், சர்வர் வேண்டும். முதலீட்டாளர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? எட்எக்ஸ் 2015 இறுதியோடு இலவசச் சான்றிதழை நிறுத்தியது. கோர்செரா 2016-லிருந்து பல பாடங்களில் மதிப்பெண் உள்ள வீட்டுப்பாடங்களைப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. 2021-ல் எட்எக்ஸை 2யு என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த 2யு 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. உடாசிட்டியை 2024-ல் அக்செஞ்சர் வாங்கிக்கொண்டது. ஆக, "இலவசம்" என்று ஒரு தளத்தில் பார்த்தால், எது இலவசம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ மட்டுமா? வீட்டுப்பாடமுமா? எத்தனை நாளைக்கு?

"ஏழு நாள் இலவசம்" என்பதில் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு எட்டாம் நாள் நான் மறந்துபோன அனுபவம் உண்டு. மாதச் சந்தா இரண்டு முறை கழிந்த பிறகே கண்ணில் பட்டது. தளத்தின் பெயர் வேண்டாம். கார்டு எண்ணைக் கொடுக்கும் அன்றே செல்போனில் ஆறாம் நாளுக்கு அலாரம் வைத்துவிடுங்கள்.

ஆனால் பணத்தில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. எம்.ஐ.டி.யின் ஜஸ்டின் ரைக், ஹோசே ரூயிபெரெஸ்-வாலியென்டே இருவரும் ஹார்வர்டு, எம்.ஐ.டி. எட்எக்ஸ் பாடங்களின் ஆறு ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்து, 2019-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். (என் பதினான்கில் இரண்டு, 14 சதவீதம்! மேலே சொன்ன ஆறுதல் இதுதான்.) அதே ஆண்டில் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம் பேர் முடித்திருந்தார்கள். பணம் கட்டினால் மூளை வேலை செய்யும் என்று பொருள் அல்ல. முடிப்பதாகத் தீர்மானித்தவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். அதோடு, கட்டிய பணம் வாராவாரம் ஞாபகப்படுத்திக்கொண்டும் இருக்கிறது. இலவசப் பாடத்தை விட்டால் நமக்கு எதுவும் குறைவதில்லை, அதனால்தான் விடுகிறோம்.

நம் ஊர் ஏற்பாடு

இந்த இடத்தில் நம் நாட்டின் என்பிடெல் ஒரு நடுவழியைப் பிடித்திருக்கிறது. நேஷனல் புரோகிராம் ஆன் டெக்னாலஜி என்ஹான்ஸ்டு லேர்னிங் என்ற நீளமான பெயரின் சுருக்கம் அது. மத்திய அரசின் பணத்தில் 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய திட்டம். முதலில் முழு வகுப்புகளை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள். கரும்பலகை முன் பேராசிரியர், ஒரு மணி நேரம், அலங்காரம் எதுவும் கிடையாது. தேர்வுக்கு முந்தைய நாள் என்பிடெல் பார்த்துத் தப்பித்த பொறியியல் மாணவர்கள் நம்மில் எத்தனையோ பேர். 2014 மார்ச்சில் சான்றிதழ்ப் பாடங்கள் வந்தன. 2017 ஜூலையில் மத்திய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கிய பிறகு, என்பிடெல் பாடங்களுக்குப் பதிவு செய்வதும் அதன் வழியாகவே நடக்கிறது.

இதன் அமைப்பைக் கவனியுங்கள். சேர்வது இலவசம். வீடியோ, குறிப்பு, வாராந்திர அசைன்மென்ட், சந்தேகம் கேட்கும் பகுதி எல்லாம் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம், சுமார் 1000 ரூபாய் (மாறக்கூடியது, பதிவு செய்யும் முன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்). தேர்வு வீட்டிலிருந்து அல்ல. ஊரில் உள்ள தேர்வு மையத்துக்கு நேரில் போய், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கண்காணிப்பாளர் பார்க்க எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல், திருவிழா, மின்வெட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு வாரம் சலுகை! இந்த விதியை எழுதியவருக்கு வீடு எப்படி நடக்கும் என்று தெரிந்திருக்கிறது.

நேரில் தேர்வு என்பது ஏன் முக்கியம்? அசைன்மென்ட் விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் அந்தந்த வாரமே உலா வருகின்றன. அதைப் பார்த்து எழுதி 25-க்கு 25 வாங்குவது பெரிய வேலை இல்லை. ஆனால் தேர்வில் 75-க்கு 30 வாங்காவிட்டால் சான்றிதழ் கிடையாது. மூக் சான்றிதழை நம்பலாமா என்று வேலை கொடுப்பவர் கேட்கும்போது இந்த ஒரு விஷயத்தைக் காட்டலாம்.

கல்லூரிகளும் இதை ஏற்கின்றன. பட்டப் படிப்பில் 20 சதவீதம் வரை ஸ்வயம் பாடங்களின் கிரெடிட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதி செய்தது. 2021-ல் அதை 40 சதவீதம் ஆக்கியது. இதில் எனக்கு ஒரு சின்ன பயம் உண்டு. ஆசிரியர் இல்லாத இடத்தை நிரப்ப, "என்பிடெல்லில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது எந்த நிர்வாகத்துக்கும் எளிது. சான் ஹோசேயில் நடந்தது அப்போது இங்கும் நடக்கும். வீடியோ ஆசிரியருக்குத் துணையாக இருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது, அவருக்குப் பதிலாக வைக்கும்போது அல்ல.

அக்கா மகளின் இரண்டாவது முயற்சி

என் அக்கா மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தாள். பிளஸ் டூ வரை தமிழ் வழி. பைத்தான் பாடத்தில் நான்தான் சேர்த்துவிட்டேன். நான்காவது வாரம் போன் செய்து கேட்டபோது, நிறுத்தி விட்டதாகச் சொன்னாள்.

"புரோகிராம் கஷ்டமா இல்ல மாமா. அவர் பேசுறது என்னன்னு புரியறதுக்குள்ள அடுத்த ஸ்லைடு வந்துடுது."

பதினான்கு பாடத்தில் சேர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை. கணக்கு தெரியாமல் அல்ல, காது பழகாமல் நிற்கிறாள். அன்று மாலை வீட்டுக்குப் போய் இரண்டு விஷயங்களைக் காட்டினேன். யூடியூப் வீடியோவின் கீழே பல் சக்கரம் போன்ற செட்டிங்ஸ் பட்டனைக் கிளிக் செய்தால் வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம். அதே இடத்தில் சப்டைட்டில் பகுதியில் ஆட்டோ டிரான்ஸ்லேட் போய்த் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். தானாக வரும் தமிழ் சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கும். லூப் என்பதை ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு விதமாக மொழிபெயர்க்கும். ஆனால் பேராசிரியர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது பிடிபட்டுவிடும். என்பிடெல் தன் பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மொழிபெயர்த்தும் தருகிறது. அது கிடைத்தால் முதலில் அதைப் படித்துவிட்டு வீடியோவைப் பார்ப்பது நல்லது.

அடுத்த பருவத்தில் அவள் மறுபடி சேர்ந்தாள். இம்முறை தனியாக அல்ல. வகுப்புத் தோழிகள் இருவரையும் சேர்த்துக்கொண்டாள். மூவருக்கும் சேர்த்து ஒரே லேப்டாப், அதுவும் ஒருத்தியின் அண்ணனுடையது. புதன்கிழமை மாலை கல்லூரி விட்டதும் நூலகத்தில் உட்கார்ந்து அசைன்மென்ட் போடுவார்கள். மூவரில் இருவர் தேர்வுக்குப் பணம் கட்டினார்கள். மூன்றாமவள் கட்டவில்லை, ஆயிரம் ரூபாய் அவளுக்குச் சின்னத் தொகை அல்ல. ஆனாலும் பன்னிரண்டு வாரமும் வந்து உட்கார்ந்தாள், எல்லாக் கணக்கையும் போட்டாள். எந்தப் புள்ளிவிவரத்திலும் அவள் முடிக்காதவள்தான். இவர்கள் இருவருக்கும் லிஸ்ட்டையும் டிக்ஷனரியையும் விளக்கியது அவள்தான் என்கிறாள் அக்கா மகள்.

சேரும் முன்

ஒரு நேரத்தில் ஒரு பாடம் போதும். பட்டியலில் பத்து பிடித்திருந்தால் ஒன்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு ஒன்றில் சேருங்கள். முதல் முறை என்றால் நான்கு அல்லது எட்டு வாரப் பாடமாக இருக்கட்டும். சேருவதற்கு முன் முதல் வார வீடியோ ஒன்றையும், முந்தைய பருவத்தின் அசைன்மென்ட் கிடைத்தால் அதையும் பாருங்கள். பேராசிரியரின் புகழைவிட அவர் பேசுவது உங்கள் காதுக்குப் பிடிபடுகிறதா என்பது முக்கியம்.

வீடியோவை மட்டும் பார்த்து நகராதீர்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். பேனாவை எடுத்தால்தான் உண்மை தெரியும். டேட்டா குறைவு என்றால் வீடியோவின் தரத்தைக் குறைத்து வையுங்கள். கரும்பலகை எழுத்து தெரிந்தால் போதுமானது. என்பிடெல் தளத்திலிருந்து பாடங்களை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு இண்டர்நெட் இல்லாத நேரத்திலும் பார்க்கலாம். வீட்டில் இண்டர்நெட்டே இல்லை என்றால் ஸ்வயம் பிரபா என்ற பெயரில் டி.டி.எச். வழியாகக் கல்விச் சேனல்கள் வருகின்றன, டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கும் டி.வி.யில் தேடிப் பாருங்கள்.

கோர்செரா, எட்எக்ஸ் போன்ற தளங்களில் சான்றிதழ் தேவையா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வசதி இல்லாதவர்கள் கட்டண உதவி கேட்டு விண்ணப்பிக்கும் வழி பல பாடங்களில் இருக்கிறது. விண்ணப்பத்தில் ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதச் சொல்வார்கள். எங்கிருந்தோ காப்பி அடித்து ஒட்டாதீர்கள்.

ஸ்வயமில் என்பிடெல் பாடங்கள் ஆண்டுக்கு இரண்டு பருவம், ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. பாடம் தொடங்கிச் சில நாட்கள் வரை சேரலாம். தேர்வுக்குப் பணம் கட்ட அதற்குப் பின்னும் அவகாசம் தருவார்கள். அதனால் முதல் இரண்டு மூன்று வார அசைன்மென்ட்களைப் போட்டுப் பார்த்துவிட்டுக்கூட கட்டலாம். அக்கா மகளும் தோழியும் அப்படித்தான் செய்தார்கள். மூன்றாமவள் அடுத்த பருவத்தில் அதே பாடத்துக்குத் தேர்வு எழுதப் பதிவு செய்தாள். கட்டணத்தை மற்ற இருவரும் பங்கு போட்டுக் கட்டியதாகப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.